அந்த நீலப் பம்ப்பு திருட்டு ஆட்டம் இல்ல சார்!

ஃபினிஷ் லைனைத் தாண்டியாச்சு. கழுத்துல மெடலை மாட்டி, கையில ஒரு வாழைப்பழத்தைத் திணிச்சு, "அப்படி ஓரமா போம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நெஞ்சு மெதுவா இறுக ஆரம்பிச்சுது. பையிலேருந்து ஆஸ்துமா பம்ப்பை எடுத்து ரெண்டு இழு இழுத்தேன்.

பக்கத்துல ஒரு சார். டைட்ஸ், கூலிங் கிளாஸ், கையில பெரிய வாட்ச்சு. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தவரு கேட்டாரே ஒரு கேள்வி.

"மேடம், அது ஸ்டீராய்டுதானே? இதெல்லாம் அலவுடா?"

சார், 10 கிலோமீட்டரை நான் ஒண்ணேகால் மணி நேரத்துல முடிச்சிருக்கேன். எனக்கு முன்னாடி ஒரு தாத்தா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முடிச்சிட்டு, மோர் குடிச்சிக்கிட்டு இருக்காரு. ஊக்கமருந்து போட்டும் இந்த லட்சணம்னா, கேஸு என் மேல இல்ல, அந்த மருந்து மேலதான் போடணும்.

அங்க மூச்சு வாங்கிக்கிட்டு இருந்ததால ஒண்ணும் பேசல. இப்ப நிதானமா பேசுறேன்.

நான் அடிச்ச நீலப் பம்ப்புல இருக்கிறது சால்ப்யூட்டமால். ஸ்டீராய்டே இல்ல. சுருங்கின மூச்சுக்குழாயைத் திறந்து விடும், அவ்வளவுதான். ஊக்கமருந்தைக் கண்காணிக்கிற உலக அமைப்பு, அதான் வாடா, இதுக்கு அளவு போட்டு வெச்சிருக்கு: 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்தை எடுத்துக்கிட்டாலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் 100. நான் ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு, ஓடி முடிச்சு ரெண்டு. ஆக 400. ஒலிம்பிக்குக்கே போகலாம் (கால் மட்டும்தான் ஒத்துழைக்கணும்).

ஸ்டீராய்டு இருக்கிறது நான் தினமும் காலையிலயும் ராத்திரியும் எடுக்கிற இன்னொரு பம்ப்புல. அதுவும் உடம்பு ஏத்துறதுக்கு ஜிம்மு பசங்க போட்டுக்குற சமாச்சாரம் இல்ல. மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்குற வேற வகை. அதையும் இழுக்கலாம்னுதான் விதி.

பவுலா ராட்க்ளிஃப் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. 2003-ல லண்டன் மராத்தானை 2 மணி 15 நிமிஷம் 25 செகண்டுல முடிச்சாங்க. அந்தப் பெண்கள் உலக சாதனையை உடைக்க 2019 வரைக்கும் ஒருத்தரும் பொறக்கல. அந்தம்மாவுக்கும் சின்ன வயசுலேருந்தே ஆஸ்துமா. பம்ப்பு அடிச்சா எல்லாரும் பவுலா ஆயிடலாம்னா, எங்க தெருவுல பாதிப் பேரு பவுலாதான்.

மிகையா சொல்லல. நான் இருக்கிறது அத்திப்பட்டு.

(ஊர் பேரைச் சொன்னதும் "ஓ, சிட்டிசன் படத்துல வர்ற ஊரா? மேப்புலேருந்து காணாமப் போகுமே!"ன்னு கேக்காத ஆளை நான் இன்னும் பார்க்கல. அது அத்திப்பட்டி. நாங்க அத்திப்பட்டு. நாங்க மேப்புல இருக்கோம். மேலே கொஞ்சம் சாம்பல் படிஞ்சிருக்கும், தொடைச்சுட்டுப் பாருங்க.)

கடல் பக்கம் பார்த்தா வட சென்னை அனல் மின் நிலையம். 210 மெகாவாட்டுல மூணு, 600-ல ரெண்டு, இப்போ 2024-ல 800-ல ஒண்ணு. இந்தப் பக்கம் வல்லூர், 500-ல மூணு. நிலக்கரி இறங்குற துறைமுகம் ஒண்ணு, அதுக்கு மேல காட்டுப்பள்ளித் துறைமுகம். துறைமுகம் இருந்தா கன்டெய்னர் லாரி. லாரி இருந்தா கியூ. கியூவுல நின்னாலும் இன்ஜினை ஆஃப் பண்ண மாட்டாங்க, ஏசி கேபின் ஆச்சே.

இந்த ஊருல, வீசிங் உள்ள ஒருத்தி, ஓடணும்னு ஆசைப்பட்டா!

எங்கம்மாவுக்கு இது இன்னிக்கும் புரியல. "மூச்சு வாங்குதுன்னுதான் உனக்கு வைத்தியமே பாத்தோம். நீயே போயி மூச்சு வாங்கிட்டு வர்றியேடி"ன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்றது?

வைத்தியம்னதும் ஞாபகம் வருது. சின்ன வயசுல என்னை ஹைதராபாத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மீன் மருந்து. மிருகசீரிஷக் கார்த்தி அன்னிக்கு, ஜூன் மாசம், கையளவு கூட இல்லாத விரால் குஞ்சு, உயிரோட. அது வாயில மஞ்சளா ஒரு மருந்து உருண்டையை வெச்சு, அப்படியே நம்ம தொண்டையில தள்ளிடுவாங்க. அது துள்ளிக்கிட்டே உள்ள போச்சு பாருங்க... அந்த உணர்ச்சி இன்னும் தொண்டையில இருக்கு. வீசிங்கும் இருக்கு. விரால் குழம்பு மட்டும் இன்னிக்கு வரைக்கும் என்னால சாப்பிட முடியல. நஷ்டம் யாருக்கு?

தூதுவளை ரசம், கற்பூரவள்ளி, ஆடாதோடைக் கஷாயம்னு எல்லாப் படியும் ஏறி இறங்கியாச்சு. ரசத்தை மட்டும் இன்னும் விடல. நல்லா இருக்கும்.

ஆஸ்துமான்னா மூச்சு உள்ள போகாதுன்னுதான் முக்காவாசிப் பேரு நினைக்கிறாங்க. உள்ள போறது ஓரளவு போயிடும். வெளிய வர்றதுதான் தகராறு. சாயங்காலம் பேசின் பிரிட்ஜ்ல கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்னதும், இறங்குறவங்க இறங்குறதுக்குள்ள ஏறுறவங்க முட்டி மோதி ஏறிடுவாங்கல்ல? அதேதான். பழைய காத்து வெளிய போகல, புது காத்து மேல மேல ஏறுது, பெட்டி பிதுங்குது. அப்போதான் அந்த விசில் சத்தம்.

ஓட்டத்துல இது ஏன் வருதுன்னா, ஓடும்போது வாயால மூச்சு விடுறோம். சும்மா உட்காந்திருந்தா நிமிஷத்துக்கு அஞ்சாறு லிட்டர் காத்து போதும், ஓடினா அது பத்து மடங்குக்கு மேல ஆயிடும். மூக்கா இருந்தா வடிகட்டும், ஈரப்படுத்தும். வாய்க்கு அந்த வேலை தெரியாது. மூச்சுக்குழாயோட உள்சுவர் காஞ்சு போயி, எரிச்சலாகி, சுத்தியிருக்கிற தசை இறுக்கிடும். இதுல வேடிக்கை என்னன்னா, சென்னையில ஓடுற எல்லாரும் திட்டுற அந்தப் பிசுபிசு ஈரக் காத்து இருக்கே, அது எங்களுக்குக் கூட்டாளி. காஞ்ச குளிர் காத்துதான் வில்லன். பெங்களூருல ஓடிப் பார்க்க ஆசைதான். எல்லாரும் "அங்க கிளைமேட் சூப்பரா இருக்கும்"னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு.

இன்னொண்ணு, ஓடும்போது வர்றதை விட, ஓடி நின்னதும்தான் ஜாஸ்தி வரும். நின்னு அஞ்சு நிமிஷத்துலேருந்து கால் மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், அரை மணி, ஒரு மணி நேரத்துல அடங்கும். சார் பார்த்தது அந்த அஞ்சாவது நிமிஷம்.

நெஞ்சு டாக்டர் கிட்டே "ஓடலாமா டாக்டர்?"னு கேட்டப்போ, திட்டப் போறாருன்னு நினைச்சேன். சிரிச்சாரு. "தாராளமா ஓடும்மா. தினம் எடுக்கிற பம்ப்பை ஒழுங்கா எடுக்கிறவங்க மட்டும் ஓடலாம். நீல பம்ப்பை நம்பி ஓடுறவங்க ஓடக் கூடாது"ன்னாரு. வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல நீலத்தைத் தேடுறோம்னா வியாதி கட்டுல இல்லைன்னு அர்த்தமாம். ஓட்டத்துக்கு முன்னாடி அடிக்கிறது கணக்குல சேராது. அவரு எழுதிக் கொடுத்த இன்னொரு பொருள் பீக் ஃப்ளோ மீட்டர், ஒரு பிளாஸ்டிக் குழாய். காலையில எழுந்து ஃபூன்னு ஊதணும், முள்ளு நகரும். நம்ம நல்ல நாள் அளவுல 80 சதவீதத்துக்கு மேல இருந்தா பச்சை. 50-லேருந்து 80 மஞ்சள். அதுக்குக் கீழ சிவப்பு. பச்சைன்னா ஷூவை மாட்டு. மஞ்சள்னா நடைதான், இல்ல மொட்டை மாடியில கால் கை ஆட்டுறது. சிவப்புன்னா ஆட்டோவைக் கூப்பிடு.

அதனால இன்டர்நெட்ல கிடைக்கிற "16 வாரத்துல ஹாஃப் மராத்தான்" அட்டவணை எல்லாம் எனக்கு ஒத்து வரல. செவ்வாய்க்கிழமை வேக ஓட்டம்னு அதுல போட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை முள்ளு எங்க நிக்கும்னு அதை எழுதினவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெரிய வாட்ச்சு விஷயமும் அப்படித்தான். நெஞ்சுத் துடிப்பை வெச்சு ஓடுன்னு சொல்வாங்க. நீலப் பம்ப்பு அடிச்சா துடிப்பு தானாவே எகிறும், கை விரல் லேசா நடுங்கும். வீட்டு வாசல்ல நிக்கும்போதே வாட்ச்சு "அடடா, கடுமையான பயிற்சி"ன்னு பாராட்டுச்சு. கழட்டி வெச்சுட்டேன்.

பதிலா எங்கிட்ட ஒரு முறை இருக்கு. ஓடும்போது பேச முடியணும்கிறதுதான் சோதனைன்னு எல்லாரும் சொல்றாங்க. தனியா ஓடுறவ யார்கிட்டே பேசுறது? நான் ஸ்டேஷன் பேரு சொல்வேன். ஒரே மூச்சுல. அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர்... திருவொற்றியூர் வரைக்கும் போயிட்டா சௌக்கியம், அதே வேகம். வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டைன்னு நீண்டா இன்னும் கொஞ்சம் வேகம் போகலாம். எண்ணூர்லயே வண்டி நின்னுடுச்சுன்னா நடக்கணும். (டீக்கடை அண்ணன் ஒரு நாள் கேட்டே கேட்டுட்டாரு: "இன்னா பாப்பா, ஸ்டேஷன் பேரு சொல்லிக்கினே ஓடுற, டிரெய்னை உட்டுட்டியா?")

ஓடுறதுக்கு முன்னாடி சும்மா கையைக் காலை நீட்டுறது எனக்குப் போதல. அரை நிமிஷம் வேகமா ஓடி, ஒரு நிமிஷம் நடந்து, இப்படி நாலஞ்சு தடவை. மூச்சுக்குழாய் அப்போ கொஞ்சம் சுருங்கும், விடும். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் போல அது அவ்வளவா சண்டைக்கு வராது. பாதிப் பேருக்குத்தான் இது வேலை செய்யுமாம். நல்லவேளை, நான் அந்தப் பாதி.

இதெல்லாம் என் நெஞ்சுக்குள்ள நடக்கிற சங்கதி. வெளிய இருக்கிற காத்துதான் பெரிய சங்கதி.

காலையில எழுந்ததும் முதல்ல மாடிக்குப் போவேன். புகைபோக்கியைப் பார்ப்பேன். புகை கடல் பக்கம் சாஞ்சிருந்தா நம்ம நாள். ஊர் பக்கம் சாஞ்சிருந்தா இல்ல. நேரா மேல போயி, அப்படியே படுக்கை விரிச்ச மாதிரி பரவி நின்னா, அது ரொம்ப மோசம், காத்தே இல்லைன்னு அர்த்தம். அப்புறம் தண்ணி டேங்க் மூடி மேல ஒரு விரலை வெச்சு இழுப்பேன். கோடு எவ்வளவு தெளிவா விழுதுன்னு பார்ப்பேன். துவைச்ச வெள்ளைத் துணியைக் கொடியில ராத்திரி விடுற பழக்கம் எங்க தெருவுலயே கிடையாது.

சென்னையில விடியற்காலையில நிலத்துலேருந்து கடலுக்குக் காத்து போகும். வெயில் ஏறின பிறகு கடல் காத்து திரும்பி உள்ள வரும். மெரினா பக்கம் இருக்கிறவங்களுக்குக் கடல் காத்துன்னா கொண்டாட்டம். எங்களுக்கும் கடலுக்கும் நடுவுல அனல் மின் நிலையம் உட்காந்திருக்கு. கடல் காத்து சும்மா வராது, சாம்பலைக் கூட்டிக்கிட்டு வரும். அதனால சாயங்கால ஓட்டம் எனக்கு இல்ல. ஆடி மாசம் எனக்கு நல்ல மாசம். மேலக் காத்து அம்மியை நகர்த்துதோ இல்லையோ, புகையை நகர்த்திடும் (ரோட்டுப் புழுதியையும் எழுப்பும், அதுக்கு முகத்துல ஒரு துணி). மார்கழி, தைதான் கஷ்டம். பனி, அசைவில்லாத காத்து, வடகிழக்குலேருந்து வர்ற வாடை. விடியற்காலை புகையும் லாரி டீசலும் தரையோட தரையா நிக்கும்.

சென்னையில பெரிய மராத்தான் எந்த மாசம் வைக்கிறாங்க? ஜனவரி. முழு மராத்தான் கிளம்புற நேரம் விடியற்காலை நாலு மணி. வெயிலுக்குப் பயந்து. ஆஸ்துமா அடங்காம ஆடுற நேரம் எது? அதே விடியற்காலை மூணு, நாலு மணி. பொருத்தம் பாத்துதான் வெச்சிருக்காங்க. போகிக்கு முன்னாடி முடிச்சிடுறாங்களேன்னு மட்டும் சந்தோஷம். 2018 போகி அன்னிக்கு சென்னையில டயர் கொளுத்தின புகையில ஏர்போர்ட்ல விமானமே இறங்க முடியல. விமானத்துக்கே அப்படின்னா எனக்கு?

ஃபோன்ல சமீர் ஆப்புல காத்துத் தரம் பார்க்கலாமேன்னு கேப்பீங்க. பார்க்கிறேன். மணலி, கொடுங்கையூர், ராயபுரம்னு காட்டும். அதுல பச்சையா "நல்லது"ன்னு வந்தாலும் ஒரு விஷயம் இருக்கு. நம்ம நாட்டுக் கணக்குல நுண்துகள் 30 மைக்ரோகிராம் வரைக்கும் பச்சை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல ஒரு நாளைக்குச் சொன்ன அளவு 15. பச்சையிலயே ரெண்டு பச்சை. அதனால ஆப்பை விட டேங்க் மூடி மேலதான் எனக்கு நம்பிக்கை.

"இப்படிக் காத்தைப் பாத்து லீவு போடுறது சோம்பேறித்தனம்"னு எங்க ரன்னர்ஸ் குரூப்புல ஒருத்தரு எழுதினாரு. அவருக்கு ஹைலே கெப்ரசெலாசியைப் பத்திச் சொல்லணும். 2008-ல மராத்தான் உலக சாதனை அவரு கையிலதான் இருந்துது. பெய்ஜிங் ஒலிம்பிக் மராத்தான்ல நான் ஓடலன்னுட்டாரு. ஏன்? எனக்கு ஆஸ்துமா, பெய்ஜிங் காத்து மோசம், அவ்வளவு தூரம் அதுல ஓடினா உடம்பு கெட்டுடும்னாரு. 10,000 மீட்டர் மட்டும் ஓடி ஆறாவதா வந்தாரு. அடுத்த மாசம் செப்டம்பர் 28-ந்தேதி பெர்லின்ல மராத்தான் ஓடினாரு. 2:03:59. புது உலக சாதனை! சோம்பேறி!

இதுக்கு நேர் எதிர், 2017 டெல்லி ஹாஃப் மராத்தான். ஊரே புகை மூட்டம். இந்திய மருத்துவ சங்கமே வேண்டாம், தள்ளி வைங்கன்னு சொல்லுச்சு. நவம்பர் 19-ல நடத்தியே தீர்த்தாங்க. முகமூடி போட்டுக்கிட்டு ஜனங்க ஓடின போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. எனக்கு அதுல வீரம் ஒண்ணும் தெரியல.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாயிலேருந்து அமோனியா கசிஞ்சப்போ, தூங்கிக்கிட்டு இருந்த ஜனங்க எழுந்து ஓடினாங்க. அம்பதுக்கு மேல பேரு ஆஸ்பத்திரியில. அதுக்கு முன்னாடிதான் மிக்ஜாம் வெள்ளத்தோட வந்த எண்ணெய் முகத்துவாரம் முழுக்கப் படிஞ்சுது. மெடல் கொடுக்கிறதா இருந்தா அந்த ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினவங்களுக்குத்தான் கொடுக்கணும். எனக்கு யாராவது "உங்க கதை இன்ஸ்பிரேஷனா இருக்கு மேடம்"னு சொன்னா கூச்சமா இருக்கு, கொஞ்சம் கோபமாவும் இருக்கு. காத்து நல்லா இருந்தா நான் ஒரு சாதாரண, மெதுவா ஓடுற பொம்பளை. அதுதான் எனக்கு வேணும்.

சரி, சீரியஸா போயிட்டேன். பம்ப்பை எங்க வெச்சுக்கிறதுங்கிற உலகப் பிரச்சினைக்கு வருவோம்.

கையில பிடிச்சா வேர்வையில வழுக்குது. இடுப்புப் பையில வெச்சா அது தனியா ஒரு ஓட்டம் ஓடுது. பேன்ட் பாக்கெட்ல போட்டா மூடி கழண்டு, வாய் வைக்கிற இடத்துல நூலும் புழுதியும். அதை அப்படியே இழுத்தா என்ன ஆகும்னு யோசிங்க. கடைசியில எங்க தெரு டெய்லர் அக்கா டீ ஷர்ட் முதுகுப் பக்கம், இடுப்புக்கு மேல, எலாஸ்டிக் வெச்சு ஒரு பாக்கெட் தைச்சுக் கொடுத்தாங்க. "இன்னாத்துக்குடி முதுகுல பாக்கெட்டு, பர்ஸை அடிச்சிடப் போறானுங்க"ன்னாங்க. ஆடாம அசையாம இருக்கு. இன்னொண்ணு, ஒரு பம்ப்புல 200 பஃப்தான். மருந்து தீர்ந்த பிறகும் புஸ்ஸுன்னு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும், வெறும் வாயு. தண்ணியில போட்டு மிதக்குதான்னு பாக்கிறதெல்லாம் நம்பக் கூடாது. காலண்டர்ல எழுதி வெச்சுக்கோங்க.

ஓட்டத்துக்கு முந்தின நாள் ராயபுரத்துல சித்தி வீட்ல தங்குவேன். அத்திப்பட்டுலேருந்து அந்த நேரத்துக்கு வண்டி ஏது? சித்திக்கு என் மேல உசுரு. போன உடனே சாமி கும்பிட்டு வீடு முழுக்க சாம்பிராணி. ராத்திரி கொசுவுக்குச் சுருள், அதுவும் என் தலைமாட்டுல. "புள்ள நல்லா தூங்கணும், காலையில ஓடணும்ல." நான் மெதுவா அதைத் தூக்கிக்கிட்டுப் போயி திண்ணையில வெச்சேன். பாத்ரூமுக்கு எழுந்த சித்தப்பா, அணைஞ்சு போச்சுன்னு நினைச்சு, இன்னொண்ணைக் கொளுத்தி உள்ள வெச்சாரு. பாசத்தோட மல்லுக்கட்ட முடியுமா? மொட்டை மாடியில போயி படுத்தேன். கொசு கடிச்சுது. மூச்சு நல்லா இருந்துது.

இந்த வருஷம் ஹாஃப். 21 கிலோமீட்டர். மார்கழியில நீளமான ஓட்டத்தை எங்க ஓடுறதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை முதல் வண்டியைப் பிடிச்சு மெரினாவுக்குப் போகலாமான்னு யோசனை. இங்கேருந்து யாராவது வர்றதா இருந்தா சொல்லுங்க, ஸ்டேஷன் பேரு சொல்ல துணை கிடைக்கும். ஆஸ்துமாவோட ஓடுறவங்க, நெஞ்சுல குத்துற நம்பர் அட்டை, அதான் பிப்பு, அதுக்குப் பின்னாடி பேரு, வீட்டு ஃபோன் நம்பர், "ஆஸ்துமா, பம்ப்பு முதுகுப் பாக்கெட்ல"ன்னு எழுதிக்கோங்க. பேனா மை வேர்வையில கலைஞ்சிடும், மார்க்கர்ல எழுதுங்க.

ஓடாதவங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரோட்டோரம் எங்களை மாதிரி ஒருத்தர் மூச்சு திணறி நின்னா, சுத்திக் கூட்டம் போடாதீங்க. படுக்க வைக்காதீங்க, உட்கார வைங்க, லேசா முன்னால சாஞ்சு. பம்ப்பு எங்க இருக்குன்னு கேளுங்க. ஒவ்வொரு பஃப்பா, நடுவுல கொஞ்சம் விட்டு விட்டு அடிக்க விடுங்க. ஒரு வாக்கியம் கூட முழுசா பேச முடியலன்னாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, பம்ப்பு அடிச்சும் அடங்கலன்னாலோ 108-க்கு அடிச்சிடுங்க. தலையில தண்ணி ஊத்தாதீங்க, எனக்கு ஒருத்தர் ஒரு பாட்டில் முழுக்க ஊத்தினாரு, ஷூ நனைஞ்சதுதான் மிச்சம். அந்த வாழைப்பழத்தையும் அப்போதைக்கு நீட்டாதீங்க. பத்து நிமிஷம் கழிச்சு நாங்களே கேட்டு வாங்கிக்குவோம்.